மின்னிசையும் பகற்கச்சேரி ரசிகரும்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் சென்னை மாநகரம் இசை மாநகரமாக மாறிவிடும். மாலை வேளையில் புகழ் வாய்ந்த வித்துவான்கள் மேடை ஏறுவர். மண்டபம் நிரம்பி வழியும். இது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் அதே மண்டபத்தில், அதே நாளில், நண்பகலை ஒட்டி மற்றொரு கச்சேரி நடைபெறும். பாடுபவர் இருபது வயது இளைஞராக இருப்பார். அவர் பெயரைக் கேட்டவர் அரியர். பல சபாக்களில் அந்த வேளைக்குக் கட்டணமும் இல்லை. நாற்பது ஐம்பது பேர் அங்கொருவரும் இங்கொருவருமாக அமர்ந்திருப்பர். உண்ட களைப்பில் கண்ணயர்வோரும் உண்டு. ஆயினும் அந்த ஐம்பது பேரில் ஐந்தாறு பேர், தொடையில் தாளம் போட்டபடி, ஒரு பிடியும் தவறாமல் கேட்டுக்கொண்டிருப்பர். வெளியே வந்ததும், "இந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள், இன்னும் பத்து ஆண்டில் இவன் மாலைக் கச்சேரிக்கு வந்துவிடுவான்" என்று அக்கம் பக்கத்தில் சொல்லிவைப்பர்.

மாலை மேடையில் இன்று வீற்றிருக்கும் வித்துவான்களுள் பலர், நேற்றுப் பகல் மேடையில் பாடியவர்களே. அவர்களைப் பகலிலிருந்து மாலைக்குக் கொண்டுவந்தது அவர்களுடைய உழைப்பு மட்டும் அன்று. முன்கூட்டியே கேட்டு, முன்கூட்டியே சொன்ன அந்த ஐந்தாறு ரசிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் பாட்டனார் காலத்தவர் சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டி ஹௌராவில் வந்து இறங்கியபோது, வாழையிலையையும் காப்பித்தூளையும் மல்லிகைச் சரத்தையும் மட்டுமா தேடினார்கள்? கூடிக் கேட்கும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். ஆகவே புதியவரைக் கண்டெடுக்கும் கலை நம் வீட்டுச் சொத்து. நான் கேட்க விரும்பும் வினா ஒன்றே: அந்தச் சொத்தை நம் வயதுடைய இளைஞர்கள் இன்று படைக்கும் புதுவகை இசைக்கும், குறிப்பாக எலக்ட்ரோ-பாப் என்னும் மின்னிசைக்கும், நாம் ஏன் பயன்படுத்தக் கூடாது?

மின்னிசை என்பது யாது?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீணையில் தந்தி அதிர்கிறது. மிருதங்கத்தில் தோல் அதிர்கிறது. புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசர் என்னும் கருவியிலோ மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒலிபெருக்கியின் கூம்பை ஆட்ட, நம் காதுக்கு நாதம் கிடைக்கிறது. அக்கருவியின் உள்ளே மூன்று பகுதிகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஆசிலேட்டர், அலையை உண்டாக்கும் உறுப்பு. அது தரும் அலைகளுள் ஒன்று வாளின் பல்லைப் போன்ற வடிவுடையது. நொடிக்கு 100 அதிர்வுள்ள அத்தகைய அலையில் 200, 300, 400, 500 என்று மேலுள்ள மடங்குகள் யாவும் கலந்திருக்கும். மற்றொன்று சதுர வடிவான அலை. அதில் 300, 500, 700 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும். ஆதலால் சுருதி ஒன்றாக இருந்தும் இரண்டின் குரலும் வேறு வேறாகக் கேட்கிறது.

இரண்டாவது ஃபில்டர். நம் வீட்டுக் காப்பி ஃபில்டர் தூளை மேலே நிறுத்தி டிகாக்ஷனைக் கீழே விடுகிறதல்லவா? அதுபோல இது உயர்ந்த அதிர்வுகளை நிறுத்தித் தாழ்ந்தவற்றை விடுகிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டா. சுருதி மாறாமல் 'ஆ' என்று இழுத்து, மெல்ல உதடுகளைக் குவித்து 'ஊ' என்று முடியுங்கள். தொண்டையின் அதிர்வு அப்படியே இருக்கிறது. வாயின் வடிவம் மாறியதால் மேலுள்ள அதிர்வுகள் அடங்கிவிட்டன. உங்கள் வாயே ஒரு ஃபில்டர்.

மூன்றாவது என்வலப், நாதம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதை வகுக்கும் பகுதி. மிருதங்க அடி சட்டென எழுந்து உடனே தேய்கிறது. குழலோசை மெல்ல எழுந்து மூச்சுள்ளவரை நிலைக்கிறது. இந்த வேறுபாட்டை மின்னோட்டத்துக்குக் கற்பிப்பதே இதன் வேலை. இவற்றோடு, வகுத்துக் கொடுத்த சுர வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சரையும், தாளம் தரும் இயந்திரத்தையும் சேர்த்து, மனத்தில் எளிதில் தங்கும் மெட்டும் திரும்பி வரும் பல்லவியும் உடைய மூன்று நான்கு நிமிடப் பாட்டாக அமைத்தால், அதுவே எலக்ட்ரோ-பாப்.

"இயந்திரம் பாடுவதும் இசையா?" என்று கேட்போர் உண்டு. ஆர்மோனியம் நம் இசைக்குப் பொருந்தாது என்று அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கிவைத்தது. 1971-இல்தான் அத்தடை தளரத் தொடங்கியது. இன்று ஆர்மோனியத்தை யார் அந்நியம் என்கிறார்கள்? மாண்டலின் சீனிவாஸ் சிறு வயதிலேயே மின்சார மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துப் பெரியோர்களைத் தலையசைக்க வைத்தார். கச்சேரி மேடையில் தம்பூராவுக்குத் துணையாகவும் சில வேளை அதற்கு ஈடாகவும் மின் சுருதிப்பெட்டி ஒலிக்கிறது. அதைக் கேட்டு நாம் எழுந்து போய்விடுகிறோமா? கருவி எதுவாயினும் அதை இயக்கும் மனத்தில் இசை இருக்கிறதா என்பதே கேள்வி.

நமக்கு இது புதிதா?

அமெரிக்காவில் ராபர்ட் மூக் தம்முடைய சிந்தசைசரை உலகுக்குக் காட்டியது 1964-இல். ஐந்தே ஆண்டுகளில், 1969-இல், அக்கருவி அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைஞர் அங்கே மின்னிசைக் கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலிய இந்தியர்கள் அதில் இசை படைத்தனர். ஜெர்மனியில் மின்னிசைக்குப் பெயர் வாங்கித் தந்த கிராஃப்ட்வெர்க் குழு தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டு, 1970-இல். ஆனால் அகமதாபாத் ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் உறங்கிப்போயின. பால் பர்காஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்த பிறகு, 2023-இல்தான் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு உறக்கம்!

கொல்கத்தாவுக்கும் தமிழருக்கும் இதில் தொடர்பு உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாகப் பார்க் தெருவின் டிரிங்காஸ் விடுதியில் மேனாட்டுப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றவர். லண்டனின் பகிள்ஸ் குழு 1979-இல் வெளியிட்ட புகழ் பெற்ற மின்னிசைப் பாட்டின் மெட்டு, 1982-இல் 'டிஸ்கோ டான்சர்' படத்தில் இந்திப் பாட்டாக வந்தபோது, வங்காளத்தின் பப்பி லாஹிரியோடு சேர்ந்து அதைப் பாடியவரும் அவரே. தமிழ்த் திரையில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி சீக்வென்சரைக் கையாண்டார். அப்போது அவருடன் பணியாற்றிய இளைஞர் திலீப்தான் பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மான் ஆனார். ஆக, மின்னிசை நம் காதுக்குப் புதிதன்று. படத்தின் துணையின்றி, பெரிய நிறுவனத்தின் துணையின்றி, நம் வயதினர் தாமே எழுதித் தாமே இசைக்கும் மின்னிசையை நின்று கேட்பதுதான் நமக்குப் புதிது.

காலம் கடந்து கண்டெடுத்தால்

காலம் கடந்தால் என்ன நேரும்? அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டிலிருந்து ராஷ்பிகாரி அவென்யூ வழியே சில நிமிடம் நடந்தால் தேசப்பிரியா பூங்கா வரும். அதன் அருகேதான் 1954 அக்டோபர் 14 அன்று கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராம் வண்டி மோதி வீழ்ந்தார். எட்டு நாள் கழித்து உயிர் துறந்தார். கவிஞர் என்று அவரை அறிந்தோர் இருந்தனர். ஆனால் அவர் எழுதி வைத்த நாவல்களும் கதைகளும் பெரும்பாலும் அவர் மறைந்த பின்னரே அச்சேறின.

அவருடைய கவிதையொன்றிலிருந்து பெயரெடுத்துக்கொண்டு, 1970-களின் நடுவில் இந்நகரில் ஓர் இசைக்குழு பிறந்தது. 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள், என்பது அதன் பெயர். தலைவர் கௌதம் சட்டோபாத்யாயர். பாவுல் பாட்டையும் மேனாட்டு ராக் இசையையும் இணைத்து, நகர வாழ்வைப் பாடிய குழு அது. 1977, 1978, 1979 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டது. கேட்டவர் சிலர், கேலி செய்தவர் பலர். 1980-களின் தொடக்கத்தில் குழு கலைந்தது. 1995-இல் அக்காலத்து இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கௌதம் ஒரு தொகுப்பு வெளியிட்ட பிறகே வங்காளம் விழித்தது. இன்று வங்காள ராக் இசையின் மூத்தவர்கள் என்று அக்குழுவைக் கொண்டாடாதவர் இல்லை. அத்தொகுப்பின் பாட்டொன்று 2006-இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படத்தில் புது உருவம் பெற்று நாடெங்கும் ஒலித்தது. ஆனால் கௌதம் 1999-லேயே மறைந்துவிட்டார்.

மற்றொரு கதை ரூபா பிஸ்வாஸ் அவர்களுடையது. கொல்கத்தாப் பெண்ணாகிய இவர் கனடாவில் ஒலிப்பதிவு செய்த 'டிஸ்கோ ஜாஸ்' என்னும் இசைத்தட்டு 1982-இல் வெளியாயிற்று. சிந்தசைசரும் கிதாரும் ஒருபுறம், ஆஷிஷ் கானின் சரோத் ஒருபுறம். விற்பனை ஆகவில்லை. அவர் இல்லற வாழ்வில் ஒதுங்கிக்கொண்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பின் அறியாத அயல்நாட்டு இளைஞர்கள் இணையத்தில் அப்பாட்டைக் கேட்டுக் கூத்தாடினர். 2019-இல் அமெரிக்காவின் நியூமெரோ குரூப் நிறுவனம் அதை மறுபதிப்புச் செய்தது. மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: 1982-இல் இந்நகரத்து ரசிகர் நூறு பேர் அவரிடம் "அடுத்த தட்டு எப்போது?" என்று கேட்டிருந்தால், அந்த நாற்பது ஆண்டில் இன்னும் எத்தனை பாட்டுகள் பிறந்திருக்கும்! பாடப்பட்ட பாட்டைப் பிற்காலம் மீட்டுத் தரலாம். பாடப்படாமலே போன பாட்டை எக்காலமும் மீட்க முடியாது.

காலத்தே கண்டெடுத்தால்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1980-இல் லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் ஒரு மதுக்கடை மேடையில், பாசில்டன் என்னும் ஊரின் இளைஞர் நால்வர் சிந்தசைசர்களோடு நின்றனர். அவர்களே டெபெஷ் மோட் குழுவினர். கூட்டத்தில் இருந்த டேனியல் மில்லர் என்பவர் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். "உங்கள் பாட்டொன்றை வெளியிட விரும்புகிறேன்" என்றார். எழுத்து ஒப்பந்தம்கூட இல்லை, வாய்ச்சொல்லும் நம்பிக்கையுமே. அக்குழு பின்னர் உலகின் பெரிய அரங்குகளை நிரப்பிற்று.

நம்மவர் ஒருவரின் கதையும் அத்தகையதே. எம்.ஐ.ஏ. என்று உலகம் அழைக்கும் மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரின் கொடுமையால் மீண்டும் லண்டன் சேர்ந்த தமிழ்ப்பெண். ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி.-505 என்னும் ஒரே ஒரு மின்கருவியை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினார். 2003-இல் அவருடைய 'கலாங்' என்னும் பாட்டு 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. அந்த ஐந்நூறும் நடன அரங்குகளில் தட்டுச் சுழற்றுவோர் கையிலும் இணையத்தில் பாட்டைப் பகிர்ந்துகொள்வோர் கையிலும் சேர்ந்தன. அவர்கள் வாயிலாக அது பரவிற்று. 2005-இல் தந்தையின் பெயரால் 'அருளர்' என்னும் முதல் தொகுப்பு வந்தபோது, கேட்கக் காத்திருந்த கூட்டம் ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது.

நம் நகருக்கு வருவோம். நிஷய் பரேக், ஜீவராஜ் சிங் என்னும் இருவர் கொல்கத்தா இளைஞர்கள். முன்னவர் பாட்டெழுதிப் பாடுபவர். பின்னவர் தாளக் கலைஞர். ஜீவராஜின் தாய் ஜயஸ்ரீ சிங், இந்நகரின் பெயர் பெற்ற ஸ்கின்னி ஆலி குழுவின் பாடகி. இவ்விருவரின் 'ஓஷன்' என்னும் தொகுப்பு முதலில் 2013-இல் நிஷயின் பெயரில் இந்தியாவில் வெளிவந்தது. லண்டனின் பீஸ்ஃப்ராக் நிறுவனம் 2016-இல் அதைப் 'பரேக் அண்டு சிங்' என்ற பெயரில் உலகுக்கு வெளியிட்டது. நேர்த்தியான வண்ணக் கோட்டு அணிந்து இருவரும் தோன்றும் காணொளிகள் பல நாட்டாரையும் திரும்பிப் பார்க்க வைத்தன. 2019-இல் வந்த அடுத்த தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'சயன்ஸ் சிட்டி'. நாம் பள்ளி நாளில் வரிசையில் நின்று பார்த்த அதே அறிவியல் நகரத்தின் பெயர்! இவர்களுடையதைக் கனவு-பாப் என்று வகைப்படுத்துவோர் உண்டு. எலக்ட்ரோ-பாப்பின் பக்கத்து வீடு என்று சொன்னால் பிழையில்லை. மென்குரலும், மிதக்கும் சிந்தசைசர் ஒலியும், ஜீவராஜின் துல்லியமான தாளமும் இதன் இலக்கணம்.

பாட்டு வெளிவந்தது 2013. அது கடல் கடந்து பெயர் பெற்றது 2016. இடையில் மூன்று ஆண்டு. இந்த மூன்று ஆண்டே பகற்கச்சேரிக் காலம். அப்போது கேட்டவரே ரசிகர். லண்டன் முத்திரை விழுந்தபின் கேட்டவர் கூட்டத்தில் ஒருவர்.

இத்தகைய இடைவெளியைத் தாண்ட முடியாமல் போகிறவர்களும் நம் கண்முன்னேயே இருக்கிறார்கள். சென்ற ஆண்டு இந்நகரத்துக் கல்லூரி விழா ஒன்றில் மூன்று மாணவர்கள் சேர்ந்த ஒரு மின்னிசைக்குழு பிற்பகல் மூன்று மணிக்கு வாசித்தது. இரண்டு வங்காளத் தோழர்கள் மடிக்கணினியும் கீபோர்டும் இயக்க, நம் வட்டாரத்துத் தமிழ்ப்பெண் ஒருத்தி பாடினாள். ஐந்து பாட்டு. அதில் ஒன்று தமிழ், அவளே எழுதியது. கேட்டவர்களை எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். மாலையில் திரைப்பாட்டுக் கச்சேரிக்கு நிற்க இடமில்லை. ஆறு திங்களில் குழு கலைந்தது. ஒருவர் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டார். அந்தத் தமிழ்ப் பாட்டு ஒலிப்பதிவாகவே இல்லை. இன்று அது பத்தொன்பது பேர் நினைவில் மட்டும் இருக்கிறது.

கண்டெடுப்பது எப்படி?

நல்ல குழுவை அடையாளம் காணப் பெரிய இசைப்புலமை வேண்டும் என்று அஞ்ச வேண்டா. சில எளிய சோதனைகள் உண்டு.

ஒரு பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை ஒலியின் பளபளப்பு நம்மை மயக்கும். மின்னிசையில் இது மிகுதி. இரண்டாம் முறை மெட்டைக் கவனியுங்கள். மூன்றாம் முறை சொல்லைக் கவனியுங்கள். பிறகு கருவியை நிறுத்திவிட்டு, குளிக்கும்போதோ நடக்கும்போதோ அதைப் பாடிப் பாருங்கள். சிந்தசைசர் இல்லாமலும் அது பாட்டாக நிற்கிறதா? நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது.

அடுத்து, நேரில் கேளுங்கள். பதிவில் இருப்பதை அப்படியே ஒலிபரப்பிவிட்டு மேடையில் ஆடிக்கொண்டிருப்போரும் உண்டு. கூட்டத்தின் முகம் பார்த்துத் தாளத்தை நீட்டியும் சுருக்கியும், ஃபில்டரைத் திறந்தும் மூடியும் அன்றைய பாட்டை அன்றே படைப்போரும் உண்டு. பின்னவரே நமக்கு வேண்டியவர். நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வேறுபாடு தெரியாமற் போகாது.

பின்னர், "இவர்கள் யாரைப் போல இருக்கிறார்கள்?" என்று கேட்பதை விடுத்து, "இவர்களிடம் மட்டும் இருப்பது எது?" என்று கேளுங்கள். ஒரு சொல்லாட்சி, ஒரு தாளக்கட்டு, நம் ஊர் ஓசை ஏதேனும் ஒன்று, எதுவாயினும் சரி. தொடக்கத்தில் எவரும் பிறரைப் பின்பற்றுவர், அது குற்றமன்று. ஓர் ஆண்டுக்கு முந்தைய பாட்டையும் இன்றைய பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, வளர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். வளரும் குழு என்பதற்குப் பொருள் அதுதானே!

வளர்த்தெடுப்பது எப்படி?

கண்டெடுத்தால் மட்டும் போதாது. பரிந்து பேச வேண்டும். அதற்கும் முறை உண்டு.

"அருமை, பிரமாதம்" என்பது பரிந்துரை ஆகாது. "இரண்டாவது பாட்டைக் கேள், பல்லவி மூன்றாம் முறை வரும்போது தாளம் நின்று குரல் மட்டும் தனியே வருகிறது, அந்த இடத்தைக் கவனி" என்று சொல்லுங்கள். கேட்பவர் உண்மையிலேயே கேட்பார். நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்புவதினும், சுவை அறிந்த ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்வது மேல்.

கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். "நமக்குத் தெரிந்த பையன்தானே" என்று இலவசச் சீட்டுக் கேட்பது நம்மிடையே உள்ள நோய். தெரிந்தவர் என்பதாலேயே முதலில் கட்டணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் நாம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் கருவிக்கும் யார் கொடுப்பார்கள்? பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் பாட்டை விலைக்கு வாங்கினால் விலையில் பெரும்பகுதி கலைஞரையே சேரும்.

இணையத்தில் கேட்பதற்கும் கணக்கு உண்டு. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஒரு விதி வைத்திருக்கிறது: கடந்த பன்னிரண்டு திங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்குப் பங்குத்தொகை இல்லை. ஆயிரம் என்பது பெரும் புள்ளிகளுக்குத் தூசு, புதியவருக்கு மலை. ஆனால் ஐம்பது பேர் ஆண்டுக்கு இருபது முறை கேட்டால் ஆயிரம் ஆகிவிடும். நம் சங்கத்துக் கூட்டமொன்றில் ஐம்பது பேர் கூடுவது அரிதா? கேளாமலே பொத்தானை அழுத்திக் கணக்கைப் பெருக்கச் சொல்லவில்லை, அது மோசடி. பிடித்த பாட்டைத் திங்களுக்கு இரண்டு முறை மனமாரக் கேட்டாலே ஏறத்தாழ எண்ணிக்கை நிறைந்துவிடும்.

இறுதியாக, குறையை அவர்களிடம் சொல்லுங்கள். நிறையைப் பிறரிடம் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு வெளியே வந்து குறை பேசுகிறோம். "குரல் மின்னொலியில் மூழ்கிவிடுகிறது, சொல் கேட்கவில்லை" என்று உரியவரிடம் ஒருமுறை சொன்னால், அடுத்த மேடையில் அது திருந்தும். பொய்ப் புகழ் இளங்கலைஞனுக்குச் செய்யும் தீங்கு, பாராமுகம் செய்யும் தீங்கினும் குறைந்ததன்று.

தமிழுக்கு என்ன பயன்?

"இக்குழுக்கள் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பாடுகின்றன, தமிழ் மாணவர் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தமிழர் மேடையில் தமிழ்ப்பாட்டு முதலிடம் பெற வேண்டும் என்று போராடி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட மரபினர் நாம். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று அப்பெரியோர்கள் பிறமொழிப் பாட்டைக் குறைகூறியதோடு நின்றுவிடவில்லை. தமிழில் பாடுவோருக்கு மேடை தந்தார்கள், கேட்பவர்களைக் கூட்டினார்கள். நாமும் அதையே செய்ய வேண்டும். தமிழில் மின்னிசை வேண்டுமானால், தமிழில் எழுதிப் பாடும் பெண்ணுக்கு முன்னால் பத்தொன்பது பேருக்குப் பதில் நூற்றுத் தொண்ணூறு பேர் அமர வேண்டும். வங்காளத் தோழன் கருவி இசைக்கத் தமிழ்த் தோழி பாடுவது இந்நகரில்தான் இயல்பாக நடக்கக்கூடியது. சென்னையும் தர முடியாத ஒன்றைத் தமிழிசைக்குத் தர நமக்கு வாய்ப்பிருக்கிறது. அதை இழக்கலாமா?

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஆண்டு விழாவில் திரைப்பாட்டு இருக்கட்டும். அதற்கு நான் பகைவன் அல்லன். ஆனால் அதற்கு முன் அரைமணி நேரத்தை, தாமே எழுதித் தாமே இசைக்கும் மாணவர் குழு ஒன்றுக்கு ஒதுக்குவோம். சிறிதாயினும் ஒரு தொகையை அவர்கள் கையில் கொடுப்போம். அன்று பாடிய பாட்டைப் பதிவு செய்து வைப்போம். அக்குழுவைப் பற்றி நிறையும் குறையும் ஆராய்ந்து இவ்விதழில் ஒரு பக்கம் எழுதுவோம். இதற்கு ஆகும் செலவு விழாப் பந்தலின் ஒரு மூலைக்கு ஆகும் செலவுகூட இராது.

புகழ் பெற்றவரைப் போற்ற ஊரே இருக்கிறது. பெயர் தெரியாதவரைக் கேட்கத்தான் ஆள் தேவைப்படுகிறது. தோழர்களே, அடுத்த முறை கல்லூரி முற்றத்தில் பிற்பகல் வெயிலில் மூன்று பேர் கருவிகளை இணைத்து, ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கண்டால், கடந்து போய்விடாதீர்கள். ஒரு பாட்டு முடியும்வரை நின்று கேளுங்கள். பிடித்திருந்தால் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதை ஒருவரிடம் சொல்லுங்கள்.